விறலி கேட்காத கேள்விகள்: கடல் கடந்த ஆங்கில ஆசிரியைகளின் கூலிக் கணக்கு

ஆற்றுப்படை நூல்களை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நான் ஒன்று சொல்வதுண்டு. இவை புரவலனின் புகழைப் பாடுபவை மட்டுமல்ல, பிழைப்புத் தேடிப் போகிறவர்களுக்கான கையேடும்கூட. பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவர், பசியோடு எதிரே வரும் இன்னொருவருக்கு வழி சொல்கிறார். யாரிடம் போகலாம், போனால் என்ன கிடைக்கும், வழியில் எந்த ஊரில் என்ன சோறு என்றெல்லாம் விவரம் இருக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துச் சுட்ட மீனும் ஆமூரில் நண்டுக் கறியோடு கிடைக்கும் சோறும் ஊர் வாரியாக வருகின்றன. வரவும் வாழ்க்கைச் செலவும் ஒரே பாட்டில் ஒப்பிடப்படுகின்றன. நடந்து களைத்த விறலியின் பாதங்களும் அதே பாட்டில் உண்டு. ஆனால் வழி சொல்லப்படுவது பாணனுக்குத்தான். கூடவே நடந்தவளுக்கு என்று தனியாகக் கேள்விகள் இருந்திருக்கும். அவை பாட்டில் இடம்பெறவில்லை.

கடல் தாண்டுவதென்றால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. ஓதல், தூது, பகை, பொருள் என்று ஆண் பிரிந்து போவதற்கான காரணங்களை வரிசைப்படுத்தும் தொல்காப்பிய அகத்திணையியல், கடல்வழிப் பயணம் பெண்ணோடு கூடியதாக இல்லை என்கிறது. ஓதலும் பொருளும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு வேலைக்காகப் பெண் தனியாகக் கப்பலேறுவாள் என்பது இலக்கணத்தின் கணக்கில் வராத விஷயம்.

அப்படிக் கப்பலேறியவர்களைப் பற்றியது இந்தக் கட்டுரை. ஆங்கிலம் கற்பிக்க வெளிநாடு போகிறவர்களுக்கு இன்று ஒப்பீட்டு அட்டவணைகள் ஏராளம். நாடு, மாதச் சம்பளம், வாடகை, சாப்பாடு, பயணம், மிச்சம் என்று கட்டங்கள் இருக்கும். அந்தக் கட்டங்களில் அடங்காத செலவுகளை யார் கொடுத்தார்கள் என்று கேட்டால், ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளாக விடை பெரிதாக மாறவில்லை. பெண்ணின் சம்பளத்தை நிர்ணயித்ததில் அவள் கற்பித்த மொழியைவிட அவள் யார் என்பதற்கே பங்கு அதிகம். கொடுத்த சம்பளத்தைத் திரும்ப வாங்கிக்கொண்ட இடம் பெரும்பாலும் அவள் தங்கிய வீடு.

பதினாறு பவுண்டு

1841இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், ராடன் என்ற ஊரில் ஒரு வணிகர் குடும்பத்தில் சார்லட் பிராண்ட்டி வீட்டு ஆசிரியையாக இருந்தார். 'ஜேன் ஐர்' எழுதுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு. ஆண்டுச் சம்பளம் 20 பவுண்டு. அதில் துணி வெளுக்க ஏறத்தாழ 4 பவுண்டு பிடித்துக்கொள்ளப்பட்டது. கைக்கு வந்தது 16. சாப்பாடும் படுக்கையும் அங்கேயே என்பதால் சம்பளம் குறைவு என்பது அந்தக் காலத்து நியாயம். ஆனால் அங்கேயே தங்கியிருந்ததால் வேலை நேரத்துக்கு முடிவும் இல்லை. பாடம் முடிந்ததும் வீட்டு ஆசிரியையின் மடியில் தையல் துணி வந்து விழும்.

1842 பெப்ரவரியில் சார்லட்டும் தங்கை எமிலியும் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஹெஜே தம்பதியின் பள்ளியில் படிக்கச் சேர்ந்தார்கள். சொந்தமாகப் பள்ளி தொடங்க வேண்டுமானால் பிரெஞ்சும் ஜெர்மனும் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். சில மாதங்களில் பள்ளி ஓர் ஏற்பாடு சொன்னது. சார்லட் ஆங்கிலமும் எமிலி இசையும் கற்பிக்க வேண்டும். பதிலுக்குச் சாப்பாடும் பாடமும் இலவசம். பணம் கிடையாது. அந்த ஆண்டின் இறுதியில், வளர்த்த பெரியம்மா இறந்ததால் இருவரும் ஊர் திரும்பினார்கள். 1843 ஜனவரியில் சார்லட் மட்டும் தனியாக மீண்டும் பிரஸ்ஸல்ஸ் போனார். இந்த முறை அவர் சம்பளம் வாங்கும் ஆங்கில ஆசிரியை. ஆண்டுக்கு 16 பவுண்டு.

யார்க்‌ஷயரில் துணி வெளுத்த செலவு போக மிஞ்சிய அதே தொகை. அதிலும் அவருடைய ஜெர்மன் பாடத்துக்கு மாதம் 10 பிராங்க் கட்ட வேண்டியிருந்தது. ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ 25 பிராங்க் என்று வைத்துக்கொண்டால், ஓராண்டுப் பாடத்துக்கே ஐந்து பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். மிச்சம் 11 பவுண்டு சொச்சம். உடையும் தபாலும் அதற்குள் முடிய வேண்டும்.

ஊரில் இதற்கு வேறொரு விளக்கம் சொன்னார்கள். இங்கிலாந்திலேயே 50 பவுண்டு சம்பளத்துக்கு வாய்ப்பிருக்கும்போது, 16 பவுண்டுக்குக் கடல் தாண்டுவானேன்? அங்கே மாப்பிள்ளை பிடிக்கத்தான். இந்தப் பேச்சு சார்லட்டின் காதுக்கும் எட்டியது. 1843 ஏப்ரலில் தோழிக்கு எழுதிய கடிதத்தில், ஆண்களோடு பேசும் வாய்ப்பே தனக்கு அங்கே எவ்வளவு அரிது என்று சொல்லி இதை மறுத்திருக்கிறார்.

மொழி கற்றுக்கொண்டு நாளை சொந்தக் காலில் நிற்பதற்காக இன்று குறைந்த சம்பளத்தை ஒரு பெண் ஏற்கலாம் என்பது அந்த ஊருக்குப் பிடிபடவில்லை. ஆண் அப்படிச் செய்தால் எதிர்காலத்துக்காகப் பாடுபடுகிறான் என்பார்கள். பெண் செய்தால் அவள் நடத்தைக்கு விளக்கம் தேடுவார்கள். இந்த அவப்பெயரும் சார்லட் கொடுத்த செலவுதான். அதை 16 பவுண்டில் கழிக்க முடியாது.

அவர் பள்ளிக்குள் ஹெஜே மீது கொண்ட ஒருதலையான பிரியம் பிற்காலத்தில் வெளிவந்த கடிதங்களால் எல்லோருக்கும் தெரியும். ஊர் சொன்னது சரிதானே என்று இன்று யாராவது கேட்கலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. அவர் எதற்காகக் கப்பலேறினார் என்பதும், போன இடத்தில் மனம் எங்கே சாய்ந்தது என்பதும் வேறு வேறு. பெண்ணின் வரலாற்றில் மட்டும்தான் இரண்டாவதை வைத்து முதலாவதை அழிக்கிறார்கள்.

1844 தொடக்கத்தில் ஊர் திரும்பிய சார்லட், சகோதரிகளோடு சேர்ந்து தங்கள் வீட்டிலேயே பள்ளி நடத்துவதாக அறிவிப்பு அச்சிட்டார். ஒரு மாணவிகூட வந்து சேரவில்லை. அந்த அறிவிப்பின் கட்டணப் பட்டியலில் துணி வெளுப்பதற்கு என்று தனியாக ஒரு தொகை இருந்தது. அந்தச் செலவு யாராவது ஒருவர் தலையில் விழும் என்பதைத் தன் சம்பளத்திலிருந்து அனுபவித்தவர் அல்லவா!

நூறு டாலரும் ஒரு வீடும்

சார்லட்டின் ஓராண்டுச் சம்பளத்தைவிட அதிகமான தொகையை ஒரே மாதத்தில் வாங்கிய ஆங்கில ஆசிரியை ஒருவர் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் வந்தார். சயாம் அரசவையில் பணியாற்றிய அன்னா லியோனோவென்ஸ். அவரைப் பற்றிய நாவலும், 1951இல் மேடையேறிய இசை நாடகமும், பிறகு வந்த திரைப்படங்களும் அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோயின. மன்னருக்கும் ஆசிரியைக்கும் இடையே மெல்லிய காதல் இருந்ததுபோல் அவை காட்டின. அரசரை அவமதிப்பதாகச் சொல்லித் தாய்லாந்து அந்தப் படங்களைத் தடை செய்தது. இந்தச் சத்தத்தில் ஒரு விஷயம் அடங்கிப்போனது. மன்னருக்கும் அன்னாவுக்கும் இடையே உண்மையாக நடந்த சச்சரவு சம்பளத்தையும் வீட்டையும் பற்றியது.

1859இல் பினாங்கில் கணவர் இறந்தபோது அன்னாவுக்கு வயது 27. இரண்டு குழந்தைகள். சிங்கப்பூரில் அதிகாரிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திப் பார்த்தார், வருமானம் போதவில்லை. அந்த நேரத்தில் சயாம் மன்னர் மோங்குட், தம் மனைவியருக்கும் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் கற்பிக்க ஆள் தேடினார். 1855இல் பிரிட்டனோடு வணிக ஒப்பந்தம் செய்துகொண்ட சயாமுக்கு ஆங்கிலம் அரசியல் தேவையாகியிருந்தது. முன்பு அமெரிக்க மிஷனரிகளின் மனைவியர் அரண்மனைக்குள் பாடம் நடத்தியிருந்தார்கள். பாடத்தோடு மதமும் வந்ததில் மன்னருக்கு விருப்பமில்லை. 1862 பெப்ரவரியில் அன்னாவுக்கு எழுதிய கடிதத்தில், ஆங்கிலமும் அறிவியலும் இலக்கியமும் போதும், மதமாற்றம் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்.

சம்பளம் மாதம் 100 சிங்கப்பூர் டாலர். வெள்ளி டாலர் ஒன்று ஏறத்தாழ நான்கரை ஷில்லிங் என்று கணக்கிட்டால் மாதம் இருபத்திரண்டரை பவுண்டு, ஆண்டுக்கு 270 பவுண்டு. எந்த அட்டவணையிலும் இது முதலிடத்துக்கு வரும்.

ஆனால் தங்குமிடத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஆசிரியை அரண்மனையிலேயோ அதை ஒட்டியோ இருக்க வேண்டும், தினமும் அழைத்துவந்து கொண்டுவிடும் சிரமம் கூடாது என்பது மன்னரின் எண்ணம். முதலாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது சலுகை, வாடகை மிச்சம். அன்னா வேறு பக்கத்திலிருந்து பார்த்தார். பெண்கள் வாழும் உள்ளரண்மனையின் வாயில்கள் இரவில் மூடப்படும். உள்ளே தங்குகிறவள் தன் விருப்பப்படி வெளியேற முடியாது. ஆண் குழந்தையோடு வந்திருக்கும் ஒரு கைம்பெண் அங்கே ஆசிரியையாக இருப்பாளா, அரண்மனைப் பெண்களில் ஒருத்தியாகக் கருதப்படுவாளா என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. தனி வீடு வேண்டும் என்று அவர் உறுதியாக நின்றார். முதலில் தலைமை அமைச்சரின் மாளிகையில் தங்க வைத்தார்கள். பிறகு மீன் சந்தைப் பக்கம் குப்பையும் நாற்றமுமாக ஒரு வீட்டைக் காட்டினார்கள். வேண்டாம் என்று திரும்பிவிட்டார். கடைசியில்தான் குடியிருக்கத் தகுந்த வீடு கிடைத்தது. இதையெல்லாம் 1870இல் வெளியிட்ட புத்தகத்தில் அவரே எழுதியிருக்கிறார். அந்தப் புத்தகத்திலும் அதன் பின் வந்ததிலும் அரண்மனையைப் பற்றிய மிகைகள் நிறைய என்பதை வரலாற்றாளர்கள் காட்டிவிட்டார்கள். ஆனால் வீட்டுப் பேச்சு மன்னரின் கடிதத்திலேயே தொடங்கிவிடுகிறது.

வேலையும் பாடத்தோடு நிற்கவில்லை. மன்னரின் ஆங்கிலக் கடிதங்களைப் படியெடுப்பதும் திருத்துவதுமாகச் செயலாளர் வேலையும் சேர்ந்தது. அதற்காகச் சம்பளத்தை உயர்த்திக் கேட்டபோது மறுக்கப்பட்டதையும், சமாளிக்கக் கடினமானவள் என்ற பெயர் கிடைத்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். சம்பளம் கேட்கிற பெண்ணுக்கு இந்தப் பட்டம் எல்லா மொழியிலும் தயாராக இருக்கிறது.

நூறு டாலர் எங்கே போனது என்று பார்த்தால் இன்னொரு கட்டம் வெறுமையாக இருப்பது தெரியும். மகன் லூயி தாயோடு பாங்காக்கில் இருந்தான். மகள் ஏவிஸ் இங்கிலாந்துப் பள்ளிக்கு அனுப்பப்பட்டாள். ஒரு குழந்தையின் கட்டணமும், அவளைப் பார்க்காமல் கழித்த ஐந்தாண்டுகளும் அந்தச் சம்பளத்தின் மறுபக்கம். 1867இல் உடல்நலம் கருதி விடுப்பில் போனார். மேலான நிபந்தனைகளோடு திரும்புவது பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே, 1868 அக்டோபரில் மன்னர் இறந்தார். அடுத்து அரியணை ஏறிய மாணவர் சுலலாங்கொர்ன் நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார். திரும்பி வரச் சொல்லவில்லை.

பிறந்த ஊர் எவ்வளவு பெறும்?

அன்னா தன்னை வேல்ஸில் பிறந்தவர் என்றும், ராணுவக் கேப்டனின் மகள் என்றும் சொல்லிக்கொண்டார். அவர் இறந்து அறுபதாண்டுகள் கழித்துத்தான் உண்மை அச்சில் வந்தது. லூயியின் வாழ்க்கையை எழுதப் புகுந்த பிரிஸ்டோ என்ற ஆய்வாளர் பிறப்புப் பதிவுகளைத் தேடியபோது, வேல்ஸில் எதுவும் கிடைக்கவில்லை. அன்னா பிறந்தது 1831இல், மகாராஷ்டிரத்தின் அகமதுநகரில். தந்தை சாதாரண சார்ஜென்ட். மகள் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். தாய் வழிப் பாட்டி இந்தியர் அல்லது ஆங்கிலோ இந்தியர் என்பது ஆய்வாளர்களின் கருத்து. தன் உண்மை வெளியே தெரியாமலிருக்க, இந்தியாவிலிருந்த சொந்த அக்காவின் குடும்பத்தோடு அன்னா உறவையே முறித்துக்கொண்டார்.

இதைப் பொய் என்று சுருக்கிவிடலாம். நான் இதையும் கணக்குப் புத்தகத்தில்தான் எழுதுவேன். அகமதுநகரில் கலப்பு வம்சத்தில் பிறந்த சார்ஜென்ட்டின் மகளுக்கு மாதம் நூறு டாலர் கிடைத்திருக்குமா? அவருடைய ஆங்கிலம் அதே ஆங்கிலம்தான். கற்பிக்கும் திறமையும் அதேதான். ஆனால் சந்தையில் விலைபோனது ஆங்கிலம் தெரிந்தவள் என்பதல்ல, ஆங்கிலேயப் பெண் என்பது. அவருடைய முதல் புத்தகத்தின் தலைப்பிலேயே 'ஆங்கிலேய' என்ற சொல் முன்னால் நிற்கிறது. நூறு டாலருக்கு அவர் கொடுத்த விலையில் ஓர் அக்காவும் ஒரு பிறந்த ஊரும் அடக்கம்.

முப்பதாண்டுகள் கழித்து ஜப்பானில் ஓர் ஆண் இதே வேலைக்கு வந்தார். லாஃப்காடியோ ஹெர்னின் தாய் கிரேக்கர், தந்தை அயர்லாந்துக்காரர். அந்தக் கலப்பை மறைக்கும் தேவை அவருக்கு ஏற்படவில்லை. 1890இல் மத்சுவே ஊர்ப் பள்ளியில் மாதம் 100 யென். அடுத்த ஆண்டு குமமோத்தோவில் 200. 1896இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் 400. மேற்கத்தியர்களுக்குத் தனிச் சம்பளம் கொடுத்து அழைத்துவருவது மெய்ஜி அரசின் கொள்கை. குடும்பத்துக்குச் சொத்துரிமை கிடைக்கட்டும் என்று ஹெர்ன் ஜப்பானியக் குடியுரிமை பெற்றபோது, இனித் தன் சம்பளத்தையும் ஜப்பானியர் சம்பளமாகக் குறைத்துவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு இருந்தது. குடியுரிமைத் தாள் மாறினால் பாடத்தின் விலையும் மாறும் என்று அவருக்குத் தெரியும். 1903இல் அவரைப் பல்கலைக்கழகம் விடுவித்தது. அவர் இடத்தை நிரப்ப வந்தவர்களில் ஒருவர் நாவலாசிரியர் நத்சுமே சோசெகி. அவருக்கு ஆண்டுக்கு 800 யென். ஹெர்னுக்கு ஆண்டுக்கு 4,800. பதவியும் வகுப்பு நேரமும் வேறுதான். அவற்றை மட்டும் வைத்து ஆறு மடங்கை விளக்க முடியாது.

ஹெர்னின் வாழ்க்கைச் செலவு குறைவாக இருந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. அவருடைய வீட்டைக் கவனிக்க வந்து, பிறகு மனைவியான கொய்சுமி செத்சு. நொடித்துப்போன சாமுராய்க் குடும்பத்துப் பெண். சமையல், வீட்டு நிர்வாகம், ஊராரோடு பேச்சு எல்லாம் அவர் பொறுப்பு. ஹெர்னின் பெயரை உலகறியச் செய்த பேய்க்கதைகளில் பலவற்றைத் தேடிப் படித்து, கணவருக்குப் புரியும் எளிய ஜப்பானிய மொழியில் இரவுகளில் சொன்னவரும் செத்சுதான். அன்னாவுக்கு இப்படி ஒரு செத்சு கிடையாது. வெளிநாட்டில் வேலை செய்யும் ஆணின் கணக்கில் மிச்சம் என்று எழுதப்படுவதில் ஒரு பகுதி, சம்பளமில்லாத ஒரு பெண்ணின் உழைப்பு. அந்த உழைப்பைத் தானே செய்துகொள்ள வேண்டிய பெண்ணையும் அவனையும் ஒரே கட்டத்தில் வைத்து ஒப்பிட்டால் கணக்கு எப்படிச் சரியாக வரும்?

ஏழு நாடுகள்

இது பழங்கதை இல்லை. தென் கொரியாவில் ஆங்கில உரையாடல் ஆசிரியருக்கான விசா, ஏழு நாடுகளின் குடிமக்களுக்கு மட்டும் உரியது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. இந்தியாவோடு செய்துகொண்ட பொருளாதார ஒப்பந்தம் 2010இல் நடைமுறைக்கு வந்த பிறகு, ஆசிரியர் தகுதிச் சான்று உள்ள இந்தியர்கள் அரசுப் பள்ளிகளில் துணை ஆசிரியர்களாகச் சேர ஒரு சிறிய வாசல் திறந்தது. ஏழு நாட்டவருக்கு ஏதோ ஒரு பட்டம் போதும். இந்தியருக்குக் கற்பிக்கும் பட்டமும் வேண்டும்.

கொரிய அரசுப் பள்ளித் திட்டத்தில் தொடக்கச் சம்பளம் மாதம் 20 லட்சம் வோனுக்குச் சற்று மேல். வீட்டைப் பள்ளித் தரப்பு தரும். குடியேறும் செலவுக்கு 3 லட்சம் வோன் தனி. அட்டவணையில் இது மிச்சம் பிடிக்க ஏற்ற நாடு. ஆனால் 2007 முதல் அங்கே வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்கள் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ள வேண்டியிருந்தது. அதே வேலை பார்க்கும் கொரியர்களுக்கு அது இல்லை. 2009இல் உல்சான் நகரில் பணியாற்றிய நியூசிலாந்துப் பெண் ஒருவர், இரண்டாவது முறை பரிசோதனைக்கு உட்பட மறுத்தார். அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவர் விடவில்லை, ஐ.நா.வின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழு வரை கொண்டுபோனார். 2015இல் குழு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2017இல் கொரியா அந்தப் பரிசோதனையைக் கைவிட்டது. ஒரு பெண் தன் சம்பளத்தை இழந்து, தனக்குப் பின்னால் வருகிறவர்களின் உடல் மீதான சந்தேகத்தைத் துடைத்தார். எந்த அட்டவணையிலும் இந்த வரி இல்லை.

முதலாளி தரும் வீடு எப்போதும் மிச்சமா என்பதற்கு ஜப்பான் ஒரு பாடம். அங்கே ஆங்கில உரையாடல் வகுப்புகளை நடத்திய மிகப் பெரிய நிறுவனமான நோவா 2007 அக்டோபரில் நொடித்தது. ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்களுக்குச் சம்பளம் வரவில்லை. பலர் நிறுவனம் பிடித்துக் கொடுத்த வீடுகளில் இருந்தார்கள். சம்பளத்தில் வாடகையைக் கழித்துக்கொண்ட நிறுவனம் அதை வீட்டுக்காரர்களுக்குக் கட்டாமல் விட்டிருந்தது. ஆசிரியர்களின் கதவில் காலி செய்யச் சொல்லும் அறிவிப்பு வந்து ஒட்டியது. சாப்பாட்டுக்குப் பதிலாகப் பாடம் என்று சிலர் வகுப்பெடுத்தார்கள். 1842இல் பிரஸ்ஸல்ஸில் சார்லட்டுக்குக் கிடைத்த ஏற்பாடும் அதுவேதான்.

நாணயத்தின் கதை தனி. ஜப்பான் அரசு 1987இல் தொடங்கிய ஜெட் திட்டத்தில், வெளிநாட்டிலிருந்து வரும் துணை ஆசிரியருக்கு வரி போக ஆண்டுக்கு 36 லட்சம் யென் என்பது கால் நூற்றாண்டாக மாறாத சம்பளம். 2012இல் முதலாண்டுக்கு 33.6 லட்சமாகக் குறைத்தார்கள். அப்போது ஒரு டாலருக்கு 80 யென் அளவில் இருந்ததால் அது 42,000 டாலர். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் டாலர் 150 யென்னைத் தாண்டியது. அதே சம்பளம் 22,400 டாலராகச் சுருங்கியது. 2025இல் முதலாண்டுச் சம்பளம் 40.2 லட்சம் யென் ஆக்கப்பட்டது. உள்ளூரில் அரிசியும் வாடகையும் யென்னில். படிப்புக்கு வாங்கிய கடன் சொந்த நாட்டுப் பணத்தில். சம்பளத்தின் மதிப்பு கையில் வாங்கும் நாளில் தெரியாது, ஊருக்கு அனுப்பும் நாளில்தான் தெரியும்.

சேர்க்க வேண்டிய கட்டங்கள்

என்னிடம் இளங்கலையில் மொழிப்பாடமாகத் தமிழ் படித்து, பிறகு ஆங்கிலத்தில் முதுகலை முடித்த பெண் ஒருத்தி சென்ற ஆண்டு ஒரு தாளோடு வந்தாள். வீட்டில் முதல் பட்டதாரி. கல்விக் கடன் நிற்கிறது. பாங்காக், ஹனோய், சியோல் என்று மூன்று ஊர்களின் சம்பளமும் வாடகையும் அழகாகக் கட்டம் போட்டு எழுதியிருந்தாள். "எங்க போனா நல்லதும்மா?" என்றாள். பாங்காக் பள்ளி ஒன்றின் விளம்பரத்தைக் காட்டினாள். தாய்மொழியாளர், தாய்மொழியாளர் அல்லாதோர் என்று இரண்டு சம்பளம். பிலிப்பைன்ஸ், இந்தியப் பெண்களுக்கான இரண்டாவது தொகை முதலாவதில் பாதியை ஒட்டி நின்றது. வேலை நேரம் இருவருக்கும் ஒன்று. விண்ணப்பத்தோடு முழு உருவப் புகைப்படம் கேட்டிருந்தார்கள். வாடகையும் சோறும் அங்கே இருவருக்கும் ஒரே விலைதான்; பாதிச் சம்பளக்காரிக்குப் பாதி விலையில் யாரும் சோறு போடுவதில்லை.

போகாதே என்று நான் சொல்லவில்லை. இங்கே இருப்பதன் கணக்கும் எனக்குத் தெரியும். ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்த ஆண்டுகளில் எனக்கு வருடத்துக்குப் பதினொரு மாதம்தான் சம்பளம். பன்னிரண்டாவது மாதத்துக்குக் கௌரவம் மட்டும். அந்தப் பெண்ணுக்குப் பக்கத்துத் தனியார் பள்ளி தர முன்வந்த தொகையைவிட, பாங்காக்கின் பாதிச் சம்பளம் அதிகம். அன்னா பொய் சொன்னதும் சார்லட் 16 பவுண்டுக்குச் சம்மதித்ததும் ஆசைக்காக அல்ல. ஊரில் இருந்த வழி அதைவிடக் குறுகலாக இருந்தது.

அதனால் அவள் தாளில் சில கட்டங்களைச் சேர்த்தோம். சம்பளம் ஆண்டுக்கு எத்தனை மாதம்? வீடு யார் பெயரில்? வேலை போனால் எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும்? வீட்டின் இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது? பாடம் தவிர வேறு என்ன வேலை, அதற்குத் தனிப் பணம் உண்டா? பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு எவ்வளவு? பாஸ்போர்ட்டை யார் வைத்துக்கொள்வார்கள்? எந்தப் பரிசோதனை, எந்தப் புகைப்படம், அது எல்லோருக்குமா? உடம்புக்கு முடியாமல் போனால் விடுப்பா, வெளியேற்றமா? திரும்பி வரும் டிக்கெட் யார் கையில்? கடைசியாக ஒன்று: அங்கே போய் நீ உன் ஊர்ப் பெயரைச் சொல்ல முடியுமா?

அந்தத் தாளில் இப்போது சம்பளத்துக்கு ஒரு கட்டமும், சம்பளம் போகும் வழிகளுக்குப் பதினொரு கட்டமும் இருக்கின்றன. மூன்று ஊர்களில் எது மேல் என்பது பழைய வரிசைப்படி வரவில்லை. அதிகச் சம்பளம் தருவதாகச் சொன்ன இடம், வீட்டுச் சாவியைப் பற்றிய கேள்விக்குப் பதில் எழுதவேயில்லை. கொஞ்சம் குறைவாகத் தருவதாகச் சொன்ன ஓர் இடம், ஒப்பந்தத்தின் முழுப் பிரதியையும் கேட்ட அன்றே அனுப்பியது. அங்கே இரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கும் ஒரு கேரளப் பெண்ணோடு பேசவும் ஏற்பாடு செய்தது. அந்த இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். அட்டவணையில் கிடைக்காத பாதி விவரம் அந்தப் பேச்சில் கிடைத்தது. போய் வந்த பெண், போகப்போகும் பெண்ணுக்கு நேராகச் சொல்லும் வழியைப் போல நம்பகமான கையேடு வேறு இல்லை. அப்படிச் சொல்லப்படுபவற்றை எழுதி வைப்பதும் சேர்த்து வைப்பதும் நம் வேலை.